காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை: ஜீப்பில் ஏற்றலாமா?

கம்பம்மெட்டு ஜீப்

வணக்கம். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் என்னுடையது. விடியும் முன்பே கிளம்பி, மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். மேலே மழை பிடித்துவிட்டது. காய் எடுப்பும் தொடங்கியாயிற்று. மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டால் உள்ளே காற்றே கிடையாது. ஒருவர் விடுகிற மூச்சு அடுத்தவர் முகத்தில்தான்.

இப்போது ஊர் முழுக்கக் காய்ச்சல். தோட்டத்து சூப்பர்வைசர், இருமுகிற யாரையும் 14 நாளைக்குக் கொண்டுவராதே என்கிறார். என் வண்டியில் வருகிற ஒரு அக்காவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகிறது. இருமல் மட்டும் நிற்கவில்லை. அவரைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். இன்னொரு பக்கம், ராத்திரி காய்ச்சல் அடித்தவர் விடியற்காலையில் டோலோ போட்டுக்கொண்டு, இருமல் இல்லாததால் யாரும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துவிடுகிறார். இதில் யாரிடமிருந்து ஒட்டும், எத்தனை நாள் ஒட்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் காட்டப் போகிறேன்.

தேவாரத்தான்

அண்ணே, அவர் சொல்வதுதான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. 14 நாள் என்பது கொரோனா காலத்தில் அரசாங்கமே வைத்த கணக்குதானே? கேரளாவுக்குள் போனால் 14 நாள் தனிமை என்று அப்போது எல்லோரையும் நிறுத்தினார்களே. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்து அத்தனை பேருக்கும் பரவியது. அப்பத்தா ரொம்பச் சிரமப்பட்டுப்போனார். இருமுகிறவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

குமுளி சிஸ்டர்

அண்ணே, குமுளிப் பக்கம் நர்ஸாக இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது பீர்மேடு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். உங்கள் கேள்விக்கு முதலில் நேர் பதில். மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினாரே, அவரிடமிருந்துதான் ஒட்டும். அந்த அக்காவுக்கு வந்தது ஃப்ளூ என்றால், இந்நேரம் அவரிடமிருந்து அது ஒட்டாது.

ஃப்ளூ வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் காய்ச்சலைக் கொண்டுவரும். காய்ச்சல் தெரிவதற்குச் சுமார் ஒரு நாள் முன்பே அது மூச்சோடு வெளியே வரத் தொடங்கிவிடும். உடம்பு சரியில்லாமல் போன முதல் மூன்று நாள்தான் உச்சம். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பெரும்பாலான பெரியவர்களுக்கு அது அடங்கிவிடும். கொரோனா கொஞ்சம் நீளம்: அறிகுறிக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, எட்டு பத்து நாள் வரை போகலாம், அதிலும் கனமான பகுதி முதல் வாரத்தில்தான். கைக்குழந்தைகளை மூச்சுத்திணற வைக்கிற ஆர்எஸ்வி பொதுவாக மூன்று முதல் எட்டு நாள். ஆனால் சின்னக் குழந்தைகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் அதை நான்கு வாரம் வரைக்கும்கூடப் பரப்பலாம்.

டோலோ சூட்டை இறக்கும், அவ்வளவுதான். வைரஸை அது தொடுவதே இல்லை. உடம்பு லேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒட்டுகிற உச்சத்தில் இருக்கும்போதே ஒருவர் மூடிய வண்டிக்குள் ஏறுகிறார். தோட்டத்துக்குத் தோட்டம் இப்படித்தான் காய்ச்சல் போகிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிப்போகிறது.

தேவாரத்துத் தம்பி சொன்ன 14 நாள் வேறு கணக்கு. கொரோனா நோயாளியோடு பழகியவருக்கு நோய் வெளியே தெரிய 14 நாள் வரை ஆகலாம் என்பதால், நன்றாக இருப்பவரைக் கண்காணிக்க வைத்த காலம் அது. நோய் வந்து போனவருக்கான கணக்கு தனியாக இருந்தது. 2022 ஜனவரியில் மத்திய அரசு சொன்னது, லேசான கொரோனாவுக்குப் பரிசோதனையில் உறுதியானதிலிருந்து 7 நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இருக்கக் கூடாது, மறுபடி பரிசோதனை தேவையில்லை என்று. 2024 மார்ச்சில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஃப்ளூ, கொரோனா, ஆர்எஸ்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழி சொன்னது: மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, மற்ற தொந்தரவுகளும் குறைந்துகொண்டு வந்தால் வெளியே போகலாம். அப்புறம் ஐந்து நாளைக்கு மாஸ்க், காற்றோட்டம் என்று கூடுதல் கவனம். நம் ஜீப்புக்கு இந்த வழி பொருந்தும் என்பது என் எண்ணம்.

கம்பம்மெட்டு ஜீப்

ரொம்ப நன்றி சிஸ்டர். அப்படியானால் இருமல் ஏன் நிற்கவில்லை? வைரஸ் உள்ளே இல்லாமலா அப்படி இருமுகிறார் என்றுதான் சூப்பர்வைசர் கேட்பார்.

குமுளி சிஸ்டர்

நெல் அறுத்துக் களத்துக்குப் போன பிறகும் வயலில் நடந்தால் தாள் காலில் குத்துமே, அது போலத்தான். மூச்சுக்குழாயின் உள்தோலை வைரஸ் உரித்துவிட்டுப் போகிறது. அது மறுபடி வளர்ந்து மூடுகிற வரைக்கும், குளிர்காற்று, புகை, தூசி என்று எது பட்டாலும் இருமல் வரும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் வேலை என்றால் இன்னும் அதிகமாகும். சாதாரணச் சளிக்காய்ச்சலில் வருகிற இருமல் மொத்தம் எவ்வளவு நாள் இருக்கும் என்று அமெரிக்காவில் 2013இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி 18 நாள் அளவுக்கு வந்தது. மக்களைக் கேட்டால் ஒரு வாரத்தில், ஒன்பது நாளில் நிற்க வேண்டும் என்கிறார்கள். நிற்காதபோது பயந்து ஆன்டிபயாட்டிக் கேட்கிறார்கள். வைரஸ் இருமலுக்கு அது உதவாது.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், உத்தமபாளையம்

சிஸ்டர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நாம் தீங்கு செய்தவர்களாவோம். நம் நாட்டில் இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் முதலில் காசநோயை நினைக்க வேண்டும். ஃப்ளூவுக்குப் பிந்தைய இருமலாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யாமல் அதை முடிவு செய்யக் கூடாது. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி வியர்வை, சளியில் ரத்தம், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்த வரலாறு, இதில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கம்பத்து அரசு ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், மெட்டுக்கு அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், இரண்டு இடத்திலும் இலவசம்.

லயத்திலும் ஜீப்பிலும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் பரவக்கூடியது காசநோய். ஃப்ளூ ஒரு வாரத்தில் தானாக அடங்கும். காசநோய் மருந்து எடுக்கிற வரைக்கும் அடங்காது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால், பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் மற்றவருக்குப் பரப்புவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே தம்பி, அந்த அம்மாவை வண்டியில் ஏற்றும் முன் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுங்கள். சளியில் ஒன்றும் இல்லை என்று தாள் வந்துவிட்டால், அதையே சூப்பர்வைசரிடம் காட்டலாம்.

குமுளி சிஸ்டர்

ஐயா சொன்னதுதான் சரியான வரிசை. இரண்டு வாரம் தாண்டினால் முதலில் சளிப் பரிசோதனை, மற்றதெல்லாம் அப்புறம். அண்ணே, இதைத் தயவுசெய்து செய்யுங்கள்.

அணக்கரை கணக்குப்பிள்ளை

நான் வேறொரு தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறேன். சூப்பர்வைசர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் வயதானவர்கள் இருக்கிறார்கள், ஜார்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர்களின் கைக்குழந்தைகள் இருக்கின்றன. காய் எடுப்பு நேரத்தில் ஒரு கூட்டமே படுத்துவிட்டால் காய் பழுத்து வெடித்துப்போகும்.

இருமல் என்பது காதில் விழுகிறது, அதனால் அதை வைத்துத் தடுக்கிறார்கள். ராத்திரி காய்ச்சல் அடித்ததா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. சொன்னால் அன்றைய கூலி போச்சு. 14 நாள் நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் எப்படிச் சொல்வார்கள்? எங்கள் தோட்டத்தில் இதைப் பேசி, காய்ச்சல் என்று உண்மையைச் சொல்கிறவருக்கு முதல் சில நாளுக்குப் பாதிக் கூலி என்று முதலாளியை ஒப்புக்கொள்ள வைத்தோம். அதற்குப் பிறகுதான் ஆட்கள் முன்கூட்டியே போனில் சொல்லத் தொடங்கினார்கள். கூலியைப் பேசாமல் நாள் கணக்கை மட்டும் பேசிப் பயனில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

தேவாரத்தான்

இது புதுத் தகவல். நியாயமாகவும் படுகிறது. ஆனால் ஒரு சந்தேகம். பரிசோதனை செய்து நெகட்டிவ் வந்தால் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? நாள் எண்ணுகிற தொல்லையே இல்லையே.

பாலக்காடு லேப்

தம்பி, நான் லேப் டெக்னீஷியன். எந்தப் பரிசோதனை என்பதைப் பொறுத்து இருக்கிறது. ஆர்டி-பிசிஆர் என்பது வைரஸின் மரபுப்பொருள் துணுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. செத்த வைரஸின் துண்டு கிடந்தாலும் பாசிட்டிவ் காட்டும். கொரோனாவில் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூடப் பாசிட்டிவ் வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் அவர்களிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. வேலைக்குத் திரும்ப பிசிஆர் நெகட்டிவ் கேட்பது வீண் தண்டனை.

உயிருள்ள வைரஸ் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மாதிரியை உயிருள்ள செல்கள் மேல் விட்டு வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் மட்டும் நடக்கிற வேலை. 2020இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் முதல் நோயாளிகள் சிலரிடம் அப்படிச் செய்தார்கள். அறிகுறி தொடங்கி எட்டு நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரி எதிலும் வைரஸ் வளரவில்லை, பிசிஆர் மட்டும் பாசிட்டிவாகவே இருந்தது.

அப்புறம் 2022இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 57 பேரைத் தினமும் மாதிரி எடுத்துப் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அறிகுறி தொடங்கி ஐந்தாவது நாளிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேரிடம் உயிருள்ள வைரஸ் இருந்தது. ஏழாவது நாளில் நான்கில் ஒரு பங்கு. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் காய்ச்சல் நின்ற மறுநாளே ஒருவர் முழுக்கச் சுத்தமாகிவிடுகிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிஸ்டர் சொன்ன அந்த ஐந்து நாள் மாஸ்க் சும்மா சம்பிரதாயம் இல்லை.

வீட்டிலேயே செய்கிற ஆன்டிஜென் கிட் இதற்குக் கொஞ்சம் உதவும். வைரஸ் நிறைய இருக்கும்போதுதான் அது கோடு காட்டும் என்பதால், கோடு அழுத்தமாக இருந்தால் இன்னும் பரப்புகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காய்ச்சல் வந்த முதல் நாளில் நெகட்டிவ் வந்தால் நம்பிவிடாதீர்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் பாசிட்டிவ் ஆகும் பலருக்கு. அதுவும் கொரோனா கிட் கொரோனாவை மட்டும்தான் பார்க்கும், ஃப்ளூவைப் பார்க்காது.

மூணாறு டீச்சர்

தமிழ் மீடியம் ஸ்கூலில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். குழந்தைகள் விஷயத்தில் கணக்கு மாறுமா?

குமுளி சிஸ்டர்

மாறும் டீச்சர். ஃப்ளூவைக் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிக நாள், பத்து நாளும் அதற்கு மேலும் பரப்பலாம். அதற்காகப் பத்து நாளும் பள்ளிக்கு வராமல் நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல், ஓடி விளையாடுகிற அளவுக்குத் தேறிவிட்டால் வரட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தடிப்பு, கொப்புளம், வீக்கம் வருகிற நோய்களுக்கு மட்டும் கண்டிப்பாக இருங்கள். மணல்வாரி அம்மை, அதாவது மீசல்ஸ், தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிலிருந்து தடிப்பு வந்து நான்கு நாள் வரைக்கும் ஒட்டும். நோயாளி வெளியேறிய அறையின் காற்றிலேயே இரண்டு மணி நேரம் வரை இருக்கும். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டுகிற வரை. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள்.

சின்னமனூர் மகள்

எனக்கு இந்த இழை ரொம்பத் தேவையாக இருந்தது. அம்மாவுக்குக் கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் தினமும் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறார். அவருக்கு இப்போது காய்ச்சல். அவர் எப்போது அம்மா பக்கம் போகலாம்?

குமுளி சிஸ்டர்

அக்கா, உங்களுக்கு நான் சொல்கிற கணக்கு வேறு. 24 மணி நேரம் எல்லாம் உங்கள் வீட்டுக்குப் போதாது. காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து பத்து நாள் வரை அவர் அம்மாவின் அறைக்குள் போகவே வேண்டாம். தவிர்க்க முடியாமல் போக வேண்டியிருந்தால், நன்றாகப் பொருந்துகிற என்95 மாஸ்க் போட்டு, ஜன்னல் திறந்து, சீக்கிரம் வெளியே வந்துவிட வேண்டும். அம்மாவுக்கு நீங்கள் மட்டும் சாப்பாடு கொடுங்கள், உங்களுக்கு இன்னும் அறிகுறி வரவில்லை என்றாலும் மாஸ்க் போட்டுக்கொண்டு. வருவதற்கு ஒரு நாள் முன்பே நீங்களும் பரப்பலாம் என்பதால் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே, எந்த நேரமானாலும், கீமோ கொடுக்கிற டாக்டரைக் கூப்பிடுங்கள். கீமோ நேரத்தில் காய்ச்சல் என்பதே அவசரம். ஃப்ளூ என்றால் ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இன்னொன்று, அம்மாவுக்கு ஒருவேளை வந்துவிட்டால், அவர் மற்றவர்களுக்குப் பரப்புகிற காலம் வாரக்கணக்கில் நீளலாம். அப்போது வீட்டில் நீங்களும் பத்திரம்.

சின்னமனூர் மகள்

இன்றைக்கே அவர் படுக்கையை முன் திண்ணை அறைக்கு மாற்றிவிடுகிறேன். நன்றி அக்கா.

கம்பம்மெட்டு ஜீப்

இருமினால்தானே வைரஸ் வெளியே வரும், இருமாதவர் எப்படிப் பரப்புவார் என்று எங்கள் ஸ்டாண்டில் ஒரு பெரிய வாக்குவாதம். யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

பாலக்காடு லேப்

2018இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஃப்ளூ வந்தவர்களை ஒரு கூம்புக் கருவிக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வைத்து, அவர்கள் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள். இருமாமல் சும்மா மூச்சுவிட்டவர்களிடமிருந்தும், மிக நுண்ணிய துளிகளில் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. தும்மல் அதற்குத் தேவையே படவில்லை. மூடிய வண்டிக்குள் பாட்டுப் பாடிக்கொண்டும் பேசிக்கொண்டும் போகிறவர்கள் போதும்.

அண்ணே, பின்பக்கப் படுதாவை முழுக்க இறக்காமல் ஒரு சாண் தூக்கிக் கட்டி, முன்னால் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கினால் காற்று ஊடாக ஓடும். கொஞ்சம் சாரல் அடிக்கத்தான் செய்யும். இப்போதுதான் தேறி வந்தவர்களைப் பின்னால் திறப்பு ஓரமாக, மாஸ்க்கோடு உட்கார வையுங்கள்.

அணக்கரை கணக்குப்பிள்ளை

செடிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போது திறந்த வெளி, ஆளுக்கு ஆள் தூரமும் இருக்கும். ஜீப்பும், ஸ்டோரும், மழைக்கு எல்லோரும் ஒதுங்கிச் சாப்பிடுகிற ஷெட்டும்தான் பிரச்சினை. தேறி வந்தவர்களை முதல் சில நாள் ஸ்டோர் வேலைக்குப் போடாமல் இருப்பது எங்களால் முடிகிற காரியம். உங்கள் சூப்பர்வைசரிடமும் சொல்லிப் பாருங்கள். வேண்டுமானால் நானும் பேசுகிறேன், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கம்பம்மெட்டு ஜீப்

அனுப்புகிறேன் அண்ணே. நாளைக்கு அந்த அக்காவைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். காய்ச்சல்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்: ராத்திரி காய்ச்சல் என்றால் விடியும் முன் எனக்கு ஒரு மிஸ்டு கால் போதும், அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், மாத்திரை இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லை என்றால் மாஸ்க்கோடு வரலாம். இடம் போய்விடும் என்ற பயமும் சேர்ந்துதான் அவர்களை ஏற வைக்கிறது.

கூடலூர் மதினி

நடுவில் ஒரு கேள்வி. எனக்கு ஏழாம் மாதம். நானும் காய் எடுக்கப் போகிறேன். எனக்கு ஃப்ளூ ஊசி போடலாமா? குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

குமுளி சிஸ்டர்

போடலாம் மதினி, கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூ வந்தால் நுரையீரல் வரைக்கும் போகிற ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அதனால் உங்களுக்குத்தான் முதலில் தேவை. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. நீங்கள் இப்போது போட்டுக்கொண்டால் உங்கள் உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் போய் முதல் சில மாதம் அதைக் காக்கும். ஊசி போட்ட பிறகு பலன் வர இரண்டு வாரம் ஆகும், அதனால் மழை வலுக்கும் முன் போட்டுவிடுங்கள். உங்களைப் பார்க்கிற டாக்டரிடம், செயலிழந்த வைரஸால் ஆன ஊசி என்று கேட்டு வாங்குங்கள். மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே வகை கர்ப்பிணிகளுக்குக் கூடாது. அதுவரை, ஜீப்பில் முன் சீட்டு, ஜன்னல் ஓரம்.

கம்பம்மெட்டு ஜீப்

மதினி, நீங்கள் எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஓட்டுகிறவரிடம் நான் பேசுகிறேன்.